கண்ணுக்கும் ஓர் உரிமை உண்டு

சென்னை மாநகரின் தென்பகுதியில் அபிராமபுரம் என்றொரு பேட்டை. மயிலாப்பூருக்கும் ஆழ்வார்பேட்டைக்கும் மந்தைவெளிக்கும் இடையே அடங்கிக் கிடக்கும் அமைதியான இடம். அங்கே ஒரு வீட்டின் மாடிப்பகுதியில் நாம் குடியேறி இருபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு தெருவில் திரும்பி வரும்போது மந்தைவெளிப் பணிமனையிலிருந்து முதல் பேருந்துகள் புறப்படும் ஓசை கேட்கும். வாசல்களில் கோலம் விழுந்துகொண்டிருக்கும். சன்னல்களுக்குப் பின்னிருந்து காப்பியின் மணம் வரும். அந்த வேளையில் நம் மாடியறையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருப்பதை நாள்தோறும் கண்டு, "மகள் விடியுமுன்னரே எழுந்து படிக்கிறாள்" என்று நெஞ்சம் பூரித்து வந்தோம். அது விடியலுக்காக ஏற்றப்பட்ட விளக்கன்று, இரவு முழுவதும் அணைக்கப்படாத விளக்கு என்பதை அறிந்துகொள்ள நமக்குப் பல மாதங்கள் ஆயின.

நம் குடும்பத்தில் அதுகாறும் மருத்துவம் பயின்றோர் எவருமிலர். தந்தையார் தஞ்சைச் சீமையின் சிற்றூர் ஒன்றில் அத்தர் வியாபாரம் செய்தவர். நாம் மதரஸாவில் ஓதித் தேறிப் பின் தமிழிலும் பட்டம் பெற்று, பள்ளியில் அரபும் தமிழும் கற்பித்துக் காலம் கழிப்பவர்கள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் மகளுக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தபோது நாம் நிலத்தில் நடக்கவில்லை. பள்ளிவாசலில் நார்சா பங்கிட்டோம். ஊரிலுள்ள உறவினர் ஒவ்வொருவருக்கும் நாமே செய்தி சொன்னோம். கல்லூரியில் கால் வைத்த முதல் வாரத்திலேயே அவளை "டாக்டரம்மா" என்று அழைக்கும்படி ஜமாஅத்தாரைப் பழக்கிவிட்டவர்களும் நாமே. இது பெருமை பேசுவதற்காகச் சொல்லப்படுவதன்று. பின்னால் வரப்போகும் குற்றத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பதற்காகச் சொல்லப்படுகிறது.

அவ்வாண்டு ஜூன் மாதம் நம் வீட்டுக்குள் ஒரு கேள்வி புகுந்தது. தேசிய மருத்துவ ஆணையம், ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் தொடங்கி உலக யோகா நாளான 21ஆம் நாள் முடியப் பத்து நாள்கள் மருத்துவ மாணவர்க்கு யோகப் பயிற்சி அளிக்குமாறு கல்லூரிகளுக்கு எழுதியிருந்தது. மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. மகள் வந்து கேட்டாள்: "அத்தா, நான் கலந்துகொள்ளலாமா?"

நாம் உடனே விடை கூறவில்லை. ஆலிம் என்று பெயர் பெற்றவனிடம் ஒன்றைக் கேட்டால் அவன் நூலைப் புரட்டுமுன் ஊரை நினைத்துப் பார்ப்பதுண்டு. நமக்கும் அதுவே நேர்ந்தது. ஆலிமின் மகள் யோகம் செய்கிறாள் என்று யாரேனும் சொன்னால் என்ன செய்வது என்பதே முதலில் மனத்தில் ஓடிற்று. வேலூரில் நமக்கு ஃபிக்ஹு கற்பித்த முதிய உஸ்தாதைத் தொலைபேசியில் அழைத்தோம். விவரத்தை முழுவதும் கேட்டுவிட்டு அவர்கள் சற்று நேரம் பேசாதிருந்தார்கள். பின்னர், "தம்பி, இதை நீங்கள் மகளுக்காகக் கேட்கிறீர்களா, ஊருக்காகக் கேட்கிறீர்களா?" என்றார்கள். நாம் வாயடைத்து நின்றோம். "மகளுக்காகவென்றால் கிதாபைப் பாருங்கள், விடை கிடைக்கும். ஊருக்காகவென்றால் எந்தக் கிதாபிலும் விடை இராது" என்று சொல்லி ஸலாம் கூறி வைத்துவிட்டார்கள்.

கிதாபைப் பார்த்தோம். பார்க்கப் பார்க்க, இக்கேள்வி நம் வீட்டு மாடியில் பிறந்ததன்று, ஆயிரம் ஆண்டு முதுமையுடையது என்பது தெரிந்தது. கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்த அபூ ரைஹான் அல்பிரூனி அவர்கள், இந்நாட்டு மொழியையும் கலைகளையும் பயின்று, பதஞ்சலியின் யோக சூத்திரத்தை அரபு மொழியில் ஆக்கினார்கள். வினாவும் விடையுமாக அமைந்த அந்நூலின் கைப்பிரதி இஸ்தான்புல் நகரில் கண்டெடுக்கப்பட்டு, 1956இல் அச்சேறியது. அவர்கள் அதனை ஏற்கவும் இல்லை, இகழவும் இல்லை. அண்டை வீட்டார் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே அறிய விரும்பிய அறிஞரின் நேர்மை அது. இன்னொன்றும் குறிக்கத்தக்கது. பதஞ்சலியின் சூத்திரங்கள் ஏறக்குறைய இருநூறு; அவற்றுள் ஆசனம் எனும் இருக்கையைப் பற்றியவை மூன்றே. இன்று யோகம் என்றவுடன் நம் கண்முன் தோன்றும் உடல் வளைவுகளெல்லாம் பெரும்பாலும் பிற்காலத்து வளர்ச்சி.

அல்பிரூனிக்குப் பின்னும் இத்தொடர்பு அறுந்துவிடவில்லை. மூச்சையும் உடலையும் பற்றிய 'அமிர்தகுண்டம்' என்னும் நூல், 13ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் அரபு மொழிக்கு வந்ததாக மரபு கூறும். அரபில் அதன் பெயர் 'ஹவ்ளுல் ஹயாத்', அஃதாவது வாழ்வின் தடாகம். குவாலியரின் ஸூபி ஞானி முஹம்மது கவ்ஸ் அவர்கள் 16ஆம் நூற்றாண்டில் அதனைப் பாரசீகத்தில் 'பஹ்ருல் ஹயாத்' எனும் பெயரில் விரித்தெழுதினார்கள். ஆசனங்களின் ஓவியங்களோடு கூடிய அதன் பழம்பிரதி ஒன்று இன்றும் டப்ளின் நகர நூலகத்தில் காக்கப்பட்டு வருகிறது.

அத்தனை தொலைவு போவானேன்? நம் தமிழகத்து மெய்ஞ்ஞானியர் தக்கலை பீர் முஹம்மது அப்பா அவர்கள் மூச்சின் போக்கைப் பொருளாகக் கொண்டு 'திருமெய்ஞ்ஞானச் சரநூல்' பாடியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்து வடசென்னையில் அடக்கமாகியுள்ள குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் முகியித்தீன் சதகமும் பாடினார்கள், அகத்தீசர் சதகமும் பாடினார்கள். சித்தர்களின் யோகச் சொற்கள் அவர்களுடைய நாவில் தயக்கமின்றிப் புழங்கின. இவற்றையெல்லாம் ஃபத்வாக்களாக நாம் காட்டவில்லை. ஞானியரின் பாட்டு வேறு, சட்டத்தின் தீர்ப்பு வேறு என்பதை மதரஸாவின் முதலாண்டு மாணவனும் அறிவான். ஆனால் யோகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் திடுக்கிடத் தேவையில்லை என்ற அளவுக்கு இவை நம் அச்சத்தைத் தணித்தன.

சட்டத்தின் பக்கமும் பார்த்தோம். 2008 நவம்பரில் மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம், உடலசைவோடு வழிபாடும் மந்திர உச்சாடனமும் கலந்த யோகம் முஸ்லிம்களுக்கு ஆகாது என்று அறிவித்தது. அடுத்து 2009 ஜனவரியில் இந்தோனேசிய உலமா மன்றமும், மந்திரமும் வழிபாடும் கலந்ததை விலக்கி, வெறும் உடற்பயிற்சியாக அமைந்ததை அனுமதித்தது. 2017 நவம்பரில் சவூதி அரசு யோகத்தை விளையாட்டுப் பயிற்சிகளுள் ஒன்றாக ஏற்றது. இம்மூன்றும் மேலோட்டமாக முரண்படுவன போலத் தோன்றினாலும், பிரித்துப் பார்த்தால் ஒரே கோட்டின் மீதுதான் நிற்கின்றன. இபாதத் என்னும் வழிபாடு வேறு, ஆதத் என்னும் உலக வழக்கம் வேறு. வழிபாட்டில் கட்டளையின்றி ஒன்றைச் சேர்க்கலாகாது; உலக வழக்கத்தில் தடையின்றி ஒன்றை விலக்கலாகாது. முதுகை நிமிர்த்துவதும் மூச்சை நீட்டுவதும் வழக்கத்தின்பாற்பட்டவை. கதிரவனை வணங்குவதும், வணங்கும் கருத்தோடு மந்திரம் ஓதுவதும் வழிபாட்டின்பாற்பட்டவை. முன்னதைக் கொண்டு பின்னதை விடலாம். மகளிடம் இவ்வளவே சொன்னோம். அவளும் சென்றாள். கல்லூரியில் மந்திரம் ஓதப்பட்டபோது தான் வாய்மூடி இருந்ததாகவும், எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் வந்து கூறினாள். நாம் மனநிறைவடைந்தோம், கேள்வி தீர்ந்தது என்றே எண்ணினோம்.

பத்து நாள்கள் முடிந்தன. மாடியறை விளக்கு மட்டும் முன்போலவே எரிந்துகொண்டிருந்தது.

நம் வீட்டின் கீழ்ப்பகுதியில் எழுபதைக் கடந்த அம்மையார் ஒருவர் வாழ்கிறார். பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். நம் மகளைப் பிள்ளைப் பருவம் முதல் தம் மடியில் வைத்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். இளமையில் முதுகுவலிக்காகக் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தில் பயிற்சி பெற்றவர் அவர். அந்த நிலையம் நம் பேட்டைக்கு அண்மையில் மந்தைவெளிப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1888இல் பிறந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகம் கற்பித்தவர். 1952இல் சென்னைக்கு வந்து, 1989இல் நூறாண்டு நிறைந்தபின் மறைந்தார். அவர் மகனார் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். அத்தொழிலை விட்டுத் தந்தையிடம் மாணவராகி, 1976இல் இந்நிலையத்தை நிறுவினார். ஆசனத்துக்காக ஆளை வளைக்காமல் ஆளுக்காக ஆசனத்தை மாற்றுவதும், ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு இணைப்பதும் அவர்கள் முறை. பயில வருபவர் தம் சமய நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதில்லை என்பதும் அவர்கள் கொள்கை.

மகளின் முகவாட்டத்தை நமக்கு முன்னரே கண்டுகொண்டவர் அந்த அம்மையார்தாம். ஒருநாள் மாலை மாடியேறி வந்து, "மௌலவி சார், குழந்தைக்கு மூச்சு மேலேயே நிற்கிறது. நாள்தோறும் கால் மணி நேரம் என்னிடம் அனுப்புங்கள். மந்திரம் எதுவும் வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும், நான் கணக்கு வாத்தியார்தானே" என்றார். "உங்கள் பிள்ளை அம்மா, அனுப்புகிறேன்" என்றோம்.

அவர் கற்பித்தது மிக எளியது. கால் மடித்து, முதுகு நிமிர்ந்து உட்காருதல். நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்தல், ஆறு எண்ணும் வரை மெல்ல விடுதல். கைகளை உயர்த்தும்போது இழுத்து, தாழ்த்தும்போது விடுதல். அவ்வளவே. இதன் காரணத்தை மகளே நமக்கு விளக்கினாள். அச்சம் வரும்போது சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு குறுகுகிறது, உறக்கம் விலகுகிறது. நெஞ்சத்தின் துடிப்பை நம் விருப்பப்படி நேரே நிறுத்த இயலாது. ஆனால் மூச்சு ஒன்றுதான் தானாகவும் நடப்பது, நாம் நடத்தவும் இணங்குவது. ஓய்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறார். அதனை ஆறு அளவுக்குக் குறைத்து, வெளிமூச்சை நீட்டினால், மூளையிலிருந்து இதயம் வரை இறங்கும் வேகஸ் நரம்பு வேலை செய்து துடிப்பைத் தணிக்கிறது. மும்பையில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஐம்பதின்மரைக் கொண்டு செய்யப்பட்டு 1999இல் வெளியான ஆய்வொன்றும், யோகப் பயிற்சியால் தேர்வுக் காலப் பதற்றம் குறைந்ததாகக் கூறுகிறது. ஐம்பதின்மர் என்பது சிறு தொகை. ஆயினும் மருத்துவ மாணவரின் துயரை மருத்துவரே அளந்து பார்த்த முயற்சி என்ற வகையில் அது மதிக்கத்தக்கது.

இதைக் கேட்டபோது நமக்கு ஒரு நபிமொழி நினைவுக்கு வந்தது. சினம் கொண்டவர் நின்றுகொண்டிருந்தால் உட்காரட்டும், அதிலும் தணியாவிடில் சாய்ந்து படுக்கட்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருப்பது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உடலின் இருப்பை மாற்றினால் உள்ளத்தின் கொதிப்பு மாறும் என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா? ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தொழுகையே ஒரு யோகம் என்றும், ருகூவும் ஸுஜூதும் ஆசனங்களே என்றும் சிலர் மேடைகளில் பேசக் கேட்கிறோம். அது நமக்கு உடன்பாடன்று. தொழுகை முழங்காலுக்கும் முதுகுக்கும் நன்மை செய்யலாம். ஆனால் முழங்காலுக்காக எவரும் தொழுவதில்லை. மருந்தை மருந்தாகவும் வணக்கத்தை வணக்கமாகவும் வைத்திருப்பதே இரண்டுக்கும் மரியாதை.

அம்மையாரின் பயிற்சியால் மகளின் படபடப்பு ஓரளவு தணிந்தது உண்மை. கை நடுக்கம் நின்றது. சோறு சற்று இறங்கிற்று. ஆனால் விளக்கு அணையவில்லை. ஓரிரவு மணி மூன்றிருக்கும். தஹஜ்ஜுதுக்கு எழுந்த நாம் அவள் அறைக் கதவைத் திறந்தோம். புத்தகம் விரிந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தூங்கவில்லையா அம்மா?" என்றோம். "தூக்கம் வரவில்லை அத்தா" என்றாள். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "உளூ செய்துவிட்டு இரண்டு ரக்அத் தொழு, எல்லாம் சரியாகிவிடும்" என்றோம். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தோம்.

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை. அதனால்தான் அது இன்றும் நம் செவியில் நிற்கிறது. "அத்தா, தூக்கம் இல்லை என்று கல்லூரியில் சொன்னால் யோகா செய் என்கிறார்கள். வீட்டில் சொன்னால் தொழு என்கிறீர்கள். நான் இரண்டும்தான் செய்கிறேன். ஏன் தூங்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லையே."

நாம் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தோம். "ஏன்?" என்று கேட்டோம். அந்த ஒரு சொல்லைக் கேட்க நமக்கு அத்தனை மாதங்கள் பிடித்தன.

அவள் சொன்னாள். உடற்கூற்றியல் உள்தேர்வில் இருமுறை தவறிவிட்டாள். தவறியதைக்காட்டிலும், அதை நம்மிடம் சொல்வது எவ்வாறு என்பதே அவளை உறங்கவிடவில்லை. பள்ளிவாசலுக்குப் போனால் "டாக்டரம்மா". ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் "டாக்டரம்மா". சேர்க்கையின்போது கடன் கொடுத்துதவிய உறவினரின் பெயரை நாம் வாரத்துக்கு ஒருமுறையேனும் சொல்லிக் காட்டியிருக்கிறோம். நன்றி மறவாமையைக் கற்பிப்பதாக நினைத்துக்கொண்டு செய்தோம். அவளுக்கோ அது கழுத்தில் தொங்கும் கல்லாயிருந்திருக்கிறது. "நான் தவறிவிட்டால் உங்களுக்குத்தானே தலைகுனிவு" என்று சொல்லி அழுதாள். அவளுக்குத் தேவையான விடையை உஸ்தாது முன்னரே கேட்டுவிட்டார்கள்: மகளுக்காகவா, ஊருக்காகவா?

அன்றிரவு நாம் உறங்கவில்லை. எது நம்மைச் சுட்டது? யோகம் கூடுமா கூடாதா என்பதற்கு ஆயிரம் ஆண்டு நூல்களைப் புரட்டினோம். மகள் ஏன் உறங்கவில்லை என்பதற்கு ஒரு கதவைத் திறக்கவில்லை. அல்பிரூனி அவர்கள் அயலாரின் உள்ளத்தை அறிய மொழியே கற்றார்கள். நாம் சொந்த மகளின் உள்ளத்தை அறிய ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதைவிடக் கொடியது ஒன்றுண்டு. தொழுகையைச் சொல்லி அவள் வாயை மூடினோம். இறைவனிடம் பேசுவதற்கான வாயிலை, நம்மிடம் பேசாதிருப்பதற்கான தாழ்ப்பாளாக்கினோம். இது தொழுகையின் குறையன்று. அதைக் கையாண்ட நம் குறை.

அதன்பின் மருத்துவ மாணவரின் நிலை பற்றிய செய்திகளை வேறு கண்ணோடு படிக்கலானோம். 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. இணைய வழியில் விடையளித்த இளநிலை மாணவர் 25,590 பேர், அவர்களுள் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலக் குறைபாடு இருப்பதாகத் தெரிவித்திருந்தனர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றியதாகச் சொன்னவர்கள் இளநிலையில் 16.2 விழுக்காடு, முதுநிலையில் 31.2 விழுக்காடு. தாமே முன்வந்து விடையளித்தோரின் கணக்கு இது என்பதை மறத்தலாகாது. ஆயினும் எந்தப் பெற்றோரால் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சோறு உண்ண இயலும்?

அதே குழு முன்வைத்த தீர்வு யாது? முதுநிலை மருத்துவர்கள் வாரத்தில் 74 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றலாகாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். நாள்தோறும் ஏழு எட்டு மணி நேரம் உறக்கம் வேண்டும் என்பதே. எழுபத்து நான்கை ஆறு நாளுக்குப் பங்கிட்டால், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் வருகிறது. அந்த அளவும் குறைப்பாகக் கருதப்பட வேண்டிய நிலையில் நம் இளம் மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். 1992லேயே நடுவணரசு, பயிற்சி மருத்துவர்க்கு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை வகுத்திருந்தது. தாளில் எழுதிய எல்லை மருத்துவமனையின் இரவுக்குள் நுழையவில்லை.

இப்போது யோகத்துக்குத் திரும்புவோம். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடும் மூச்சு நன்மையே செய்கிறது. அதனை நம் வீட்டிலேயே கண்டோம். ஆனால் உறங்க நேரமில்லாதவனுக்கு மூச்சை எண்ணக் கற்றுக்கொடுப்பது, பசித்தவனுக்கு மெல்லும் முறையைக் கற்பிப்பது போன்றது. ஆண்டுக்குப் பத்து நாள் பாய் விரித்துவிட்டு, எஞ்சிய நாள்களில் அவன் படுக்கைப் பாயைச் சுருட்டி வைக்கலாமா? யோகமாயினும் தொழுகையாயினும் அறிவுரையாயினும், துன்புறுகிறவன் வாய் திறந்து பேசத் துணைசெய்தால் அது மருந்து. அவன் வாயை அடைப்பதற்குப் பயன்பட்டால், அது நஞ்சாகாவிட்டாலும் மருந்தாகாது. கல்லூரிகளுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. நமக்கே முதலில் சொல்லிக்கொள்கிறோம்.

அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) என்னும் இளைஞர் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாகத் தம்மை வருத்திக்கொண்ட செய்தி புகாரியில் உள்ளது. அதைக் கேள்வியுற்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, அவருடைய உடலுக்கு அவர்மீது உரிமை உண்டு, கண்ணுக்கும் உரிமை உண்டு, குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு என்று உணர்த்தினார்கள். இந்த நபிமொழியை நாம் எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறோம். 'ஹக்கு' என்ற சொல்லுக்கு இலக்கணம் சொல்லியிருக்கிறோம். கண்ணின் உரிமை உறக்கம் என்று உரையும் கூறியிருக்கிறோம். வணக்கத்துக்காகவே கூட ஒருவர் தம் கண்ணின் உரிமையைப் பறிக்கலாகாதென்றால், தேர்வுக்காகவும் ஊர்ப்பேச்சுக்காகவும் பறிக்கலாமா? பாடமாக இருந்தபோது விளங்காத இந்தச் செய்தி, மாடியறையின் தரையில் உட்கார்ந்தபோதுதான் விளங்கிற்று.

மறுநாள் முதல் நாம் செய்தவை சிலவே. கடன் தந்த உறவினரைப் பற்றிய பேச்சு வீட்டில் நின்றது. அது நம் கடன், அவள் கடனன்று. ஜமாஅத்தில் "டாக்டரம்மா எப்படி இருக்கிறார்கள்?" என்று வினவியவரிடம், "இன்னும் மாணவிதான், உடற்கூற்றியலில் தவறிவிட்டாள், மீண்டும் எழுதுகிறாள், துஆ செய்யுங்கள்" என்றோம். சொல்லுமுன் நா உலர்ந்தது உண்மை. கேட்டவர் சிரிக்கவில்லை, தம் மகன் பொறியியலில் ஐந்து பாடம் நிலுவை வைத்திருப்பதை மெல்லிய குரலில் நம்மிடம் கூறினார். ஒரு வீட்டில் சன்னல் திறந்தால் அடுத்த வீட்டிலும் காற்று வருகிறது போலும்.

இரவு பதினொரு மணிக்கு வீட்டில் எல்லா விளக்கும் அணைய வேண்டும் என்பது இல்லாள் இட்ட சட்டம். அதற்குமுன் கால் மணி நேரம் நாமும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவோம். பேச ஒன்றுமில்லாத நாளில் பேசாமலிருப்போம். அம்மையாரிடம் பயிற்சியும் தொடர்ந்தது. ஒருநாள் அவர், "மௌலவி சார், நீங்களும் வந்து உட்காருங்களேன், உங்கள் மூச்சும் மேலேதான் நிற்கிறது" என்றார். ஐம்பதைக் கடந்த வயதில் நாமும் கால் மடித்து, நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டோம். முதல் நாள் இருமல்தான் வந்தது; மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதங்களாகியிருந்தன!

மறுதேர்வில் அவள் தேறினாள். பெரிய மதிப்பெண் ஒன்றுமில்லை, தேறினாள், அவ்வளவே. யோகத்தால் தேறினாள் என்றோ, நாம் பேசியதால் தேறினாள் என்றோ சொல்ல நமக்கு உரிமையில்லை. உழைத்தவள் அவள், அருளியவன் அல்லாஹ். அவளுடன் பயின்ற தோழி ஒருத்திக்கு மூச்சுப் பயிற்சியும் போதவில்லை, பெற்றோரின் பேச்சும் போதவில்லை. மனநல மருத்துவரிடம் சென்று மாத்திரை உண்ட பிறகே அவள் நலம் பெற்றாள். அதையும் இங்கே எழுதிவைக்கிறோம். ஏனெனில் நம் குடும்பங்களில் மனநல மருத்துவரிடம் போவதை ஈமானின் குறைவாக எண்ணும் வழக்கம் இன்னும் மாறவில்லை. 9ஆம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைது அல்பல்கீ அவர்கள் உடல்நலமும் உள்ளநலமும் பற்றி ஒரே நூலில் எழுதினார்கள். உடல் நோயுறுவது போலவே உள்ளமும் நோயுறும், அதற்கும் மருத்துவம் உண்டு என்பது அவர்கள் கண்ட முடிவு. அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவிக்கு 14416 என்பது எண். அழைப்பதில் இழுக்கொன்றுமில்லை.

இக்கட்டுரையைப் படிக்கும் பெற்றோர் பலரின் பிள்ளைகள் இன்று ஏதேனும் ஒரு பெரும்படிப்பில் இருக்கக்கூடும். அவர்கள் யோகம் பயிலலாமா என்று நம்மிடம் கேட்டால், வழிபாட்டை விலக்கிப் பயிற்சியைக் கொள்ளலாம் என்பதே நம் அறிவுக்கு எட்டிய விடை. இதில் வேறு கருத்துடைய ஆலிம்களையும் மதிக்கிறோம். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னதாக இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை ஃபத்வா மன்றம் கேட்காது, மருத்துவ ஆணையமும் கேட்காது. வீட்டிலுள்ளவர்தாம் கேட்க வேண்டும். இன்றிரவு பிள்ளையின் அறையில் விளக்கெரிந்தால், படிக்கிறான் என்று மகிழ்ந்து கடந்து போய்விடாமல், கதவைத் திறந்து, தரையில் உட்கார்ந்து, ஏன் உறங்கவில்லை என்று கேளுங்கள். விடை வரும்வரை எழுந்துவிடாதீர்கள்.

நம் மகள் இன்று படிப்பின் கடைக்கட்டத்தில் இருக்கிறாள். சில இரவுகளில் மருத்துவமனையிலேயே தங்க நேர்கிறது. அந்த விளக்கை அணைக்க நம் கை எட்டாது. வீட்டிலிருக்கும் இரவுகளில் மட்டும், சுபுஹுத் தொழுகைக்குப் புறப்படும்போது நிமிர்ந்து பார்க்கிறோம். மாடியறை இருண்டிருக்கிறது. அல்ஹம்து லில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே, செருப்போசை கேளாதபடி படியிறங்குகிறோம்.